தம்பிராஜாவின் மூளைத் தைலம்

அனுப்புநர்:
திருமதி கமலவேணி பொன்னுதுரை,
தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
காஜா பெராங், மலாக்கா.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
மலாக்கா.

பொருள்: மூளைத் தைல வியாபாரத்தை நிறுத்தவும், என் மகளுக்கு மருத்துவமனை ஊசி மீண்டும் கிடைக்கவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். நான் கடுமையாக எழுதிய இடங்களைத் தங்கள் அலுவலக மொழிபெயர்ப்பாளர் மென்மையாக்காமல் அப்படியே மொழிபெயர்க்க வேண்டுகிறேன்.

2. என் மகள் கோகிலாவுக்கு வயது ஏழு. காசநோய் மூளைச் சவ்வைத் தாக்கியதால் மருத்துவமனையில் சேர்த்தோம். கையில் போடும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மருந்து இரத்தத்தோடு ஓடினாலும், நடுவே ஒரு தடுப்பு இருப்பதால் மூளைக்குப் போதிய அளவு போய்ச் சேராது, ஆகவே முதுகுத்தண்டிலும் போட்டாக வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். போட்டார்கள். பிள்ளை கண் திறந்து, என்னை அடையாளம் கண்டு, குடிக்க மைலோ கேட்டாள்.

3. ஜாலான் துக்காங் எமாஸ் தெருமுனையில், வெள்ளிக்கிழமை மாலைகளில், தம்பிராஜா என்பவர் ‘மூளைத் தைலம்’ விற்கிறார். பீங்கான் தட்டில் இரண்டு ஆட்டு மூளைகளை வைத்து, ஒன்றின்மேல் நீல மையை ஊற்றுவார், அது வழிந்தோடும். மற்றதன்மேல் தம் சிவப்புத் தைலத்தை ஊற்றுவார். அது ஊறி இறங்கும். “பாத்துக்குங்க, ஊசி மருந்து வெளியவே நிக்குது! நம்ம தைலம் மூக்கு வழியா நேரா உள்ள போவுது! முதுகுல குத்துனா காலு ரெண்டும் போயிரும் லா!” என்று கத்துவார். முதல் மூளையில் சவ்வை விட்டுவைத்து, இரண்டாவதில் உரித்துவிடுகிறார். ஆட்டு மூளையைக் கழுவிச் சமைத்த எவருக்கும் இது தெரியும். ஈ மொய்த்து நாறும் அந்தத் தட்டை நினைத்தாலே குமட்டுகிறது. அந்தப் பேச்சு அதைவிடக் குமட்டுகிறது.

4. என் கணவர் பொன்னுதுரை கெட்டவர் அல்லர். ஊசி போடும்போது பிள்ளையை வளைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த அலறலை அவரால் தாங்க முடியவில்லை. தம்பிராஜாவை நம்பி, டாக்டர் தடுத்தும் கேளாமல், கையெழுத்திட்டுப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மூக்கில் விட்ட தைலம் தொண்டையில் இறங்கி அவள் மூச்சுத் திணறுகிறாள். கழுத்து மீண்டும் விறைத்துவிட்டது. நான் கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை.

5. பிள்ளையை மறுபடி சேர்த்துக்கொள்ளக் கெஞ்சலாம் என்று நேற்று வார்டுக்குப் போனேன். அங்கே ஒரு கட்டிலருகே தம்பிராஜா இருந்தார். அவர் மகனுக்கும் இதே நோயாம். பையனைச் சுருட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முதுகில் ஊசி இறங்கிக்கொண்டிருந்தது. தைலப் புட்டி எதுவும் அங்கே இல்லை. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐயா, ஒரு மனிதரைப் பார்த்து இவ்வளவு அருவருப்பு எனக்கு வந்ததே இல்லை.

6. வீட்டில் சொன்னேன். பிள்ளையை மறுபடி ஊசிக்குக் கொண்டுபோக நான் கட்டிய கதை என்கிறார் கணவர். தந்தை சம்மதிக்காமல் ஊசி போட இயலாது என்கிறார்கள் வார்டில்.

ஆகவே, சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவரை இன்றே எங்கள் வீட்டுக்கு அனுப்பி, தம்பிராஜாவின் மகனுக்கு ஊசி போடும் வேளையில் என் கணவரை அந்த வார்டுக்கு அழைத்துச் செல்ல உத்தரவிடுங்கள். கண்ணால் பார்த்தால் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். வியாபாரத்தை நிறுத்துவதும் விற்றவரைத் தண்டிப்பதும் அதற்கு அடுத்த வேலை. அப்படித் தண்டிக்கும்போதும் அவர் மகனுக்கு ஓர் ஊசிகூடத் தவறிவிடக் கூடாது. அந்தப் பிள்ளை எந்தப் பாவமும் அறியாது. என் பிள்ளையும் அப்படித்தான், ஐயா.

தங்கள் ஆளை வாசலில் எதிர்பார்த்து நிற்கும்,

(ஒப்பம்)
கமலவேணி பொன்னுதுரை

இடம்: காஜா பெராங், மலாக்கா
நாள்: 19 நவம்பர் 1957