கூட்டத்தைக் கூட்டியவன் நான்

நயினாரே,

இன்று காலை ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு புது மனைக்குக் கல் நட்டார்கள். நான் போய்ச் சேரும்போது நட்ட கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். நீற்றிய சுண்ணாம்பின் காரமான வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கண்ணீரும் கம்பலையுமாக வந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. எரிச்சலோடுதான் வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது, என் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. செத்தவன்மேல் பொறாமை என்று வேறு யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் கூட்டத்தைக் கூட்டியவன் நான். ஊரில் இது யாருக்கும் நினைவில்லை. அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தைச் சுற்றி நிலம் வாங்கி மனை போட்டு விற்கிறவர்கள் எட்டுப் பேர் இருந்தோம். எட்டுப் பேரும் எட்டுத் திக்கு. ஒருவன் முன்வாசலில் நிலம் பேசிக்கொண்டிருந்தால் இன்னொருவன் பின்வாசலில் போய் நிலத்துக்காரன் மனத்தைக் கலைப்பான். கலைத்தவர்களில் நானும் உண்டு, நீயும் உண்டு. இப்படியே போனால் எல்லாரும் தெருவில்தான் நிற்க வேண்டும் என்று எனக்குத்தான் முதலில் உறைத்தது. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டது நான். எட்டுப் பேரில் ஒருவரான எண்ணெய்க்கடைச் செட்டியாரிடம் கெஞ்சி அவர் கடை மாடியை ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கேட்டு வாங்கியது நான். பாய் விரித்ததுகூட நான்தான்.

நீ திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சைக்கிளில் கடைசி ஆளாக வந்தாய். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாய். நாங்கள் ஏழு பேரும் பழைய கதையெல்லாம் இழுத்துப்போட்டுக் கத்தினோம். கத்தி ஓய்ந்த பிறகு நீ மெல்ல வாயைத் திறந்தாய்.

“ஏம்பா, ஆளுக்கு ஒரு நிலத்த மறைச்சி வச்சிக்கினு எதுக்கு பயந்துக்கினு கிடக்கணும்? வாங்கப்போற நிலத்த இங்க கொண்டாந்து வை. மத்தவன் ஆளுக்கு ஒரு குறை சொல்லட்டும். எல்லாரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாங்கறவன் வாயத் தொறக்கக் கூடாது. அப்பால வாங்கறதும் விடறதும் அவன் இஷ்டம். ஆனா அந்த நிலத்தண்ட வேற எவனும் போவக் கூடாது.”

அவ்வளவுதான், அன்றிலிருந்து நீ தலைவன். யாரும் கை தூக்கவில்லை, சீட்டுப் போடவில்லை. அடுத்த ஞாயிறு நீ வர நேரமானபோது அந்த ஜன்னல் ஓரத்தில் ஒருவரும் உட்காரவில்லை. நான் விரித்த பாயில் உனக்கு இடம் காலியாக இருந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கூட்டம் முடிந்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கமாயிற்று. நீ ஜைனன், பொழுது சாய்ந்தால் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டாய். ஒரு நாளும் அதை நீ எங்களிடம் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் மாதம் திரும்புவதற்குள் கூட்டம் நாலு மணியிலிருந்து இரண்டு மணிக்கு வந்துவிட்டது. ராத்திரி ஒன்பதுக்கு முன்னால் சாப்பிட்டே பழக்கமில்லாத செட்டியார், வெயில் இருக்கும்போதே இலையைப் போடு என்று அவசரப்படுத்துவார். எனக்கு வயிற்றுப்புண். பசித்தவுடன் சாப்பிட வேண்டும் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், எவன் காதில் விழுந்தது?

குறை சொல்வதிலும் உன்னை மிஞ்ச ஆளில்லை. நாங்கள் பட்டாவையும் வில்லங்கத்தையும் புரட்டிக்கொண்டிருப்போம். நீ எப்போதும் கடைசியாகப் பேசுவாய். “அங்க இருக்கற மரத்தத் தொட்டுப் பாத்தியா?” என்பாய். அடிமரத்தில் எந்த உயரத்துக்குச் சேறு படிந்திருக்கிறது என்று பார்த்தே, மழைக்காலத்தில் அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று சொல்லிவிடுவாய். எல்லாரும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் முறை வரும்போது ஒருவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடுவார், ஒருவர் கொட்டாவி விடுவார். உனக்கு அது தெரியும். “முதலியார் சொல்றத கேளுங்கப்பா” என்று நீயே சிபாரிசு வேறு செய்வாய். அதுதான் எனக்கு இன்னும் எரியும்.

அந்த எரிச்சலில்தான் தென்னேரிப் பக்கம் ஒரு நிலத்தைக் கூட்டத்தில் வைக்காமல் வாங்கினேன்.

சித்திரை மாதம். மண் பாறைபோலக் காய்ந்து கிடந்தது. ஏரி எங்கோ தள்ளிப் பள்ளத்தில் ஒரு குட்டைபோலத் தெரிந்தது. உன்னிடம் கற்றதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அங்கே நின்ற பனைமரங்களை நானும் தொட்டுப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்கு மண் தடம் இருந்தது. கரையான் ஏறிய தடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாய். கேட்டால் அது மறுபடி உன் நிலமாகிவிடும். எட்டுப் பேரில் எவனும் போடாத அளவுக்கு ஒரு மனை போட்டு உன் முன்னால் நிற்க வேண்டும், நீ ஒரு தடவையாவது “அடேங்கப்பா” என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆடி முடிவதற்குள் பிள்ளையார்பாளையத்திலும் ஐயம்பேட்டையிலும் தறி நெய்கிற பதினாறு குடும்பங்கள் என்னை நம்பி அங்கே மனை வாங்கின. ஐப்பசியில் மழை பிடித்தது. ஏரி நிரம்பி வழிந்து கோடி போயிற்று. நிரம்பிய தண்ணீர் பின்னால் ஏறி வந்து என் மனை முழுவதும் நின்றது. நான் நட்ட கல்லில் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

பதினாறு பேரும் என் வாசலில் வந்து நின்றார்கள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவர்களில் பெரியவர் ஒருவர், “நீயும் நெசவு ஜாதிதான்னு நம்பிக்கினு வந்தோம்பா” என்று மட்டும் சொன்னார். நான் வீட்டுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் நீ மற்ற ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து என்னைத் தென்னேரிக்கு இழுத்துப் போனாய். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாரும் முழங்கால் தண்ணீரில் நின்றோம். “கூட்டத்துல வைக்காத நிலத்த இப்ப வச்சாச்சி. ஆளுக்கு ஒரு குறை சொல்லுங்க” என்றாய். மழைத் தூறலில் நின்றபடியே ஒவ்வொருவரும் சொன்னார்கள். வழக்கப்படி நான் வாயைத் திறக்கக் கூடாது. மானம் போய்க்கொண்டிருந்தது, தலையைக் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் உன் முறை வந்தது.

“நெலத்து மேல குறை இல்லபா. ஏரி அதோட எடத்துக்கு வந்துக்குது. குறை எம்மேலதான். இவன் வந்து சொல்ற மாதிரி நான் நடந்துக்கலபோல இருக்குது.”

எல்லாரும் உருகிப் போனார்கள். செட்டியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உன்னை அந்தத் தண்ணீரிலேயே தள்ளிவிடலாமா என்று இருந்தது. பிழை செய்தவன் நான். அந்தப் பிழையில்கூட முதல் இடத்தை நீ எடுத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்?

எட்டுப் பேரும் அவரவர் மேட்டு மனையிலிருந்து ஆளுக்கு இரண்டு மனையைக் கொடுத்து அந்தப் பதினாறு குடும்பத்துக்கும் மாற்றிவிடுவது என்று நீதான் ஏற்பாடு செய்தாய். ஒருவரும் மறுக்கவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் நெசவாளிகள் வரிசையாக வந்து உன்னைக் கும்பிட்டார்கள். நீ அவர்களைத் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பிவிட்டாய். என்னையும் கும்பிட்டார்கள், நீ சொன்னாய் என்பதற்காக.

நீ போன அன்று ஐயம்பேட்டையிலிருந்து அவர்கள் தறியை நிறுத்திவிட்டு நடந்தே வந்தார்கள். தெரு கொள்ளவில்லை. என் சாவுக்கு இதில் பாதிக் கூட்டமாவது வருமா என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன். அழுதேனா என்று கேட்காதே. அழுதேன்.

உனக்குப் பிறகு என்னைத் தலைவனாக்கினார்கள். வயதில் மூத்தவன், வேறு யாரைச் சொல்வது என்று ஆக்கினார்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். காற்று நன்றாகத்தான் வருகிறது.

போன மாதம் செட்டியார் கூட்டத்தில் வைக்காமலே வாலாஜாபாத் சாலையில் ஒரு நிலம் வாங்கிவிட்டார் என்று காதில் விழுந்தது. மற்றவர்கள் கொதித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குஷி. என்னைப் பார்த்துப் பொறாமைப்படவும் ஒருவன் வந்துவிட்டான், நானும் தலைவன்தான் என்று நினைத்துக்கொண்டேன். மிடுக்காகக் கடைக்குப் போய், “இன்னா செட்டியாரே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்று கேட்டேன்.

அவர் புனலை வைத்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். “அட ஆமா முதலியாரே. சொல்லணும்னே தோணல பாருங்க. நயினார் இருந்திருந்தா சொல்லிருப்பேன்” என்றார். அதில் குத்தல் இல்லை, வன்மம் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் வந்து பொருமினேன். “போன மனுஷனோட இன்னும் எதுக்குப் போட்டி போட்டுக்கினு இருக்கறீங்க?” என்று கேட்டுவிட்டு என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் தனியாக அந்த நிலத்துக்குப் போனேன். ஒரு குறையாவது கண்டுபிடித்துச் செட்டியார் முகத்தில் வீச வேண்டும் என்றுதான் போனேன். நாலு மூலையும் நடந்தேன், மரத்தைத் தொட்டேன், ஆடு மேய்க்கிறவனைக் கேட்டேன். குறையே இல்லை. திரும்பும்போது கடையில் நின்று, “நல்ல நெலம் செட்டியாரே” என்றேன். அடுத்தவன் நிலத்தை நான் நல்லது என்று சொன்னது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. நீ இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

செட்டியார் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். “இன்னொன்னு பேசிக்கினு இருக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழம வைக்கறேன், நீங்க கடைசியா குறை சொல்லுங்க” என்றார்.

வீடு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. இதை உன்னிடம் வந்து சொல்லிக் காட்ட வேண்டும், கேட்கும்போது உன் முகம் ஒரு நிமிஷமாவது சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நீ என்னைப் பார்த்து ஒரு தடவை பொறாமைப்பட வேண்டும் என்றுதான் இத்தனை வருஷம் ஓடினேன். அந்த ஆசை அப்படியே இருக்கிறது, நயினாரே. பொறாமைப்பட நீதான் இல்லை.