மணிக்கட்டுக்கு ஒரு சக்கர நாற்காலி

கல்யாணி நகர், புனே
4 நவம்பர் 2024, திங்கள்

அன்புள்ள பத்ரிக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெண்டாட்டி கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். சாவியைப் பற்றி நேரில் பேச்செடுத்தாலே உங்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது, நான் வாயை மூடிக்கொள்கிறேன். அதனால் டிபன் டப்பாவோடு இதை வைக்கிறேன். ரஞ்சன்காவ் ஃபாக்டரிக்குப் போகும் பஸ்ஸில் படியுங்கள். உங்களைப் பேர் சொல்லி அழைக்கவும் கடிதத்தில்தான் எனக்குத் தைரியம் வருகிறது.

விழுந்ததில் நான் உடைத்துக்கொண்டது மணிக்கட்டை மட்டும்தான். கட்டும் பிரித்தாகிவிட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர், எலும்பு தேய்ந்திருக்கிறது, மாத்திரை சாப்பிடுங்கள், வெயிலில் நடங்கள், விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கடைசியாகச் சொன்னது மட்டும்தான் உங்கள் காதில் விழுந்தது. பெல் அடித்தால் ஓடிவந்து விழுந்துவிடுவேன் என்று வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். இன்னொரு சாவி எதிர்வீட்டு ப்ரீதியிடம். அவளோ, "அங்கிளைக் கேக்காம திறக்க மாட்டேன் ஆன்ட்டி" என்கிறாள். பால்கனியில் புறா வராமலிருக்கக் கட்டின ஷீட்டைத் தாண்டி வெயில்கூட உள்ளே வருவதில்லை. எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கீழே கிளப் ஹவுஸில் பிசியோதெரபிஸ்ட் கிருஷ்ணப்ரியா எலும்புத் தேய்மானம் பற்றிப் பேசுகிறாள். விழுந்த கதையை என்னைச் சொல்லச் சொல்கிறாள். நான் போகவேண்டும்.

உங்கள்
சரசா


ரஞ்சன்காவ்
5 நவம்பர், செவ்வாய்

அன்புள்ள சரசா,

எலுமிச்சை சாதம் பிரமாதம். கூடவே வந்த கடிதம்தான் தொண்டையில் இறங்கவில்லை.

என் அக்காவை மறந்துவிட்டாயா? திடமாக நடமாடிக்கொண்டிருந்தவள். பாத்ரூமில் வழுக்கி இடுப்பு உடைந்தது, படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பஸ் ஏறினதிலிருந்து நீ ஸ்டூல் மேல் ஏறியிருப்பாயோ, பால் வாங்க ஓடியிருப்பாயோ என்றே மனசு அடித்துக்கொள்கிறது. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை போ. நானும் வருகிறேன். ஆனால் நடந்து வேண்டாம். சக்கர நாற்காலி ஒன்று வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன். மறுக்காதேம்மா.

பத்ரி


கல்யாணி நகர்
6 நவம்பர், புதன்

அன்புள்ள பத்ரிக்கு,

மணிக்கட்டு உடைந்ததற்குச் சக்கர நாற்காலி எடுத்த மனுஷர் புனேயிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

அக்காவை நான் மறக்கவில்லை. விழுந்தது ஒரு நாள். அதற்கப்புறம் அவளை யாருமே எழுப்பி நடக்கவிடவில்லை, பாவம். அதையும் நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

எல்லோரையும் நடக்கச் சொல்லப்போகிறவள் வண்டியில் உருண்டு போகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏறி உட்காருகிறேன். வாசலைத் தாண்ட வேறு வழி தெரியவில்லை.

சரசா


வீடு
18 நவம்பர், திங்கள்

அன்புள்ள சரசா,

அடுத்த அறையிலிருந்துதான் எழுதுகிறேன். எனக்கும் நேரில் சொல்ல வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் நீ எழுந்து முன்னால் பேசப் போனதும், உட்கார இடமில்லாமல் உன் சக்கர நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கையை ஊன்றாமல் எல்லோரும் எழுந்திருங்கள் என்றாள் கிருஷ்ணப்ரியா. அத்தனை பொம்பளைகளும் எழுந்துவிட்டீர்கள். என்னால் முடியவில்லை. நான்தான் பேஷன்ட் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஆண்களுக்கும் இது வரும், வீசிங்குக்கு வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் கட்டாயம் டாக்டரிடம் கேட்கவேண்டும் என்றாளே, அது என்னையே பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. உனக்குத் தெரியாமல் போய் ஸ்கேன் எடுத்தேன். உன் எலும்பைவிட என்னுடையது மோசம். இத்தனை வருஷமாகச் சாப்பிடும் வீசிங் மாத்திரையை நானாக நிறுத்தக்கூடாதாம், டாக்டர் பார்த்து மாற்றுகிறேன் என்றார்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பஸ் படி ரொம்ப உயரம். காய்கறி, மளிகை எல்லாம் வாசலுக்கே வந்துவிடும். இனி ரெண்டு பேரும் பத்திரமாக உள்ளேயே இருந்துவிடலாம். உள்பக்கம் பூட்டியிருக்கிறேன். சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது, தேடாதே.

பத்ரி


வீடு
21 நவம்பர், வியாழன்

அன்புள்ள பத்ரிக்கு,

நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டேன்.

இந்த மூன்று நாளாகப் பார்க்கிறேன். கட்டில், சோபா, மறுபடி கட்டில். போன வாரம் பஸ் பிடிக்க ஓடினவர், இன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வருகிறீர்கள். ரிப்போர்ட் வந்ததால் எலும்பு ஒன்றும் புதிதாகத் தேய்ந்துவிடவில்லை. பயம்தான் உங்களை இப்படி ஆக்குகிறது. எனக்குக் கோபமாக வருகிறது, அழுகையும் வருகிறது. நான் இருந்த சிறைக்குள்ளேயே நீங்களும் வந்து உட்கார்ந்துகொண்டு, அதற்குப் பத்திரம் என்று பேர் வைக்கிறீர்கள்.

பிரியத்தினால் செய்கிறீர்கள் என்றுதான் இத்தனை நாள் பொறுத்தேன். இனிமேல் முடியாது.

பாத்ரூமில் கைப்பிடி வைக்க ஆள் வருகிறான். காலைத் தட்டும் மிதியடிகளைச் சுருட்டிவிட்டேன். உங்கள் தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போட்டாயிற்று, ஷூ வாசலில் இருக்கிறது. எந்தப் பயிற்சி செய்யலாம், எது கூடாது என்று உங்களுக்குச் சொல்லித்தர கிருஷ்ணப்ரியா கீழே வருகிறாள். சக்கர நாற்காலியைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன்.

நான் கீழே வெயிலில் நடந்துகொண்டிருப்பேன். நீங்கள் வந்தால் உங்களுக்காக மெதுவாக நடப்பேன். வராவிட்டாலும் நடப்பேன், நாளைக்கும் நடப்பேன்.

லிஃப்டை விட்டு வந்ததும் கொஞ்சம் படி இருக்கிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். கதவை நான் பூட்டவில்லை.

உங்கள்
சரசா