தாருக்கு ஒரே ஓட்டு

12.5.83, வியாழன்

செருப்புக் கம்பெனியில் வேலை செய்கிற நான் இன்று ஒற்றைச் செருப்போடு வீடு வந்தேன். மாதனூர் பஸ் நிறுத்தத்தில் வெயிலுக்கு இளகிய தாரில் ஒன்று ஒட்டிக்கொண்டு வார் அறுந்துவிட்டது.

தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் போகும் ஈரத்தோல் லாரிகள் தண்ணீர் சொட்டியே அந்த ரோடு வருஷாவருஷம் பள்ளமாகிறது. மறுபடி தாரா, கான்கிரீட்டா என்று ரோட்டை அளக்க வந்திருந்த ஓவர்சியர் அங்கிருந்தவர்களைக் கேட்டார். கான்கிரீட் நெடுநாள் தாங்குமாம். ஆனால் ஒரு மாதம் வண்டிகள் சுற்றிப் போக வேண்டுமாம். எல்லோரும் கான்கிரீட் என்றார்கள்.

"தாரே போடுங்க சார்" என்றேன்.

"இன்னா மாமா, செருப்பையே முழுங்கிச்சே, அதுக்கா ஓட்டு?" என்றான் டீக்கடை சலீம்.

"தார்னா மறுநாளே வண்டி ஓடும்பா" என்று நானும் சிரித்தேன்.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், இந்த மாதம்தான் நாள், வலி எடுத்தால் வேலூருக்குச் சுற்றிப் போக எனக்குத் தைரியம் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.