காலை மாத்திரை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் நீ கொடுத்த சிறுநீரகமும் நலம். ஆறு மாதத்துக்குப் பிறகு செல்போன் ரிப்பேர் கடையைத் திறந்துவிட்டேன். முகக்கவசத்தோடுதான் உட்காருகிறேன், திட்டாதே. உடம்பு அதை எதிர்க்காமலிருக்கக் காலையும் ராத்திரியும் போடும் மாத்திரையால் கை மட்டும் நடுங்குகிறது. பத்து நிமிட வேலைக்கு இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. போகப் போகச் சரியாகிவிடும். உன் தழும்பு இழுக்கிறது என்றாயே, தேவலையா?

உன் தம்பி

மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

தழும்புக்கு ஒன்றுமில்லை. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே விற்கிறேன். உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "கடைக் கதையெல்லாம் இருக்கு, ரத்தப் பரிசோதனை பத்தி ஒரு வரி இல்லையே" என்றார். எனக்கும் அதுதான் உறுத்துகிறது. போனில் கேட்டால் "அப்புறம் பேசுறேன்கா" என்று வைத்துவிடுகிறாய். போன வாரம் கை நடுக்கம் நின்றுவிட்டது என்றாய். எப்படி நின்றது?

அக்கா

ஏப்ரல் 17

அக்கா,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். பதறாமல் படி. காலை மாத்திரையை விட்டுவிட்டு ராத்திரி மட்டும் போட்டேன். நான்கு வாரம். யாரையும் கேட்கவில்லை. நடுக்கம் நின்றது, கடை ஓடியது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. உள்ளே என் உடம்பு உன் சிறுநீரகத்தை வேற்றாள் என்று தாக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. தள்ளிப்போட்டிருந்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் உப்பு ஏறியிருப்பது தெரிந்த பிறகு, சிறுநீரகத்தில் ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். மூன்று நாள் மருந்து ஏற்றினார்கள். உப்பு இறங்கிவருகிறது. பழையபடி ஆகுமா என்று சொல்ல முடியாதாம்.

"கை நடுங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மருந்தை மாத்திக் கொடுத்திருப்பேனே" என்றார் டாக்டர். நீ கொடுத்ததை நான் காப்பாற்றவில்லை அக்கா.

தம்பி

ஏப்ரல் 30

தம்பிக்கு,

பத்து நாளாக எழுத மனம் வரவில்லை. கடையில் ஒரு அம்மாவிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். "கொடுத்துட்ட, இனி அது அவனோடது" என்றார் மாமா. அவரோடும் இரண்டு நாள் பேச்சில்லை.

கை நடுங்குகிறது என்று எழுதினாய். பிழைப்பு போய்விடுமோ என்று பயந்ததை எழுதவில்லை. கொடுத்தவளிடம் குறை சொல்வதா என்று அடக்கிக்கொண்டாய். அந்த மரியாதை எனக்கு வேண்டாமடா.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எதையும் கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் பொய் சொல்லியே தீர வேண்டும் என்றால் என்னிடம் சொல். டாக்டரிடம் வேண்டாம்.

அக்கா