ஓகே மேடம்

ஜூன் 9, 2024, ஞாயிறு

இன்றைக்கும் நீச்சல் குளத்தின் அடியில் மண்டியிட்டே பொழுது போனது. இருங்காட்டுக்கோட்டை கெஸ்ட் ஹவுஸ் குளம், ஆழமான மூலையிலேயே ஒன்பது அடிதான். நாளைக்கு ஆழ்கடலில் நாலு பேருக்கு டைவிங் சொல்லிக்கொடுக்கப் போகிறவள் பழகும் சமுத்திரம் இது! கொரியாக்காரர் ஒருவர் மேலே நீந்திப் போனார், எங்களைப் பார்த்தார், சுவர்வரை போய்த் திரும்பிவந்து மறுபடி பார்த்தார். கார் கம்பெனிக்கு வந்த மனுஷன். முதுகில் சிலிண்டரோடு மூன்று பேர் தண்ணீருக்கடியில் முழங்காலிட்டிருப்பதைப் பார்த்து, இந்த ஊரில் பூசை இப்படித்தான் நடக்கும் என்று நினைத்திருப்பார்.

மூவரில் ஒருவர் வனமாமலை சார். டைவிங் ஆசிரியர்களுக்கு ஆசிரியர். திருநெல்வேலிக்காரர். வாரமெல்லாம் பாண்டிச்சேரிக் கடல், ஞாயிறு மட்டும் இங்கே. கழுத்தில் விசில், கையில் பிஸ்கட் பாக்கெட். இன்னொருவன் இனியவன். சாஃப்ட்வேர் வேலையை விட்டு வந்தவன். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால், தான் தண்ணீரில் இறங்குவதை வீடியோ எடுப்பான்.

மூன்றாவது நான். ஒரகடத்து ஒயரிங் கம்பெனியில் புதுசாகச் சேருகிறவர்களுக்கு டிரெயினிங் கொடுக்கும் ஜெர்சி மேடம். ஆறு வருஷமாக ஜன்னல் இல்லாத ஒரே அறை, ஒரே ப்ரொஜெக்டர். கம்பெனி டூரில் பாண்டிச்சேரி போனபோது அரை மணி நேரம் கடலுக்குள் இறக்கிவிட்டார்கள். யாரும் என்னைக் கூப்பிடாத அரை மணி நேரம். அன்றிலிருந்து லீவெல்லாம் அங்கேதான் போகிறது. இப்போது கடைசிப் படிக்கு வந்துவிட்டேன். சாருக்குத் திருப்தியானால் செப்டம்பர் பரீட்சைக்கு என் பெயர் போகும். பாஸானால் அந்தமானில், நீல் தீவில் வேலை. இல்லாவிட்டால் அதே அறையில் சீனியர் மேடம் ஆகி, அங்கேயே ரிட்டயரும் ஆவேன்.

ஜூன் 12, புதன்

அம்மாவின் இன்றைய கேள்வி: “தண்ணிக்கு அடியில இன்னாடி உத்தியோகம்? மீனுக்கு டியூசனா?” ஞாயிறு குளத்துக்குப் போவதால் கோயிலுக்குச் சனிக்கிழமையே போய்விடுகிறேன். சனி சாயங்காலப் பூசையும் ஞாயிற்றுக் கணக்கில் சேரும் என்று பங்குச் சாமியாரே சொல்லிவிட்டார். என் அம்மா அன்னபுஷ்பத்தின் கணக்கில் சேரவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இன்று நாடகம். ஒருவர் ஆசிரியர், மற்றவர் ஒன்றும் தெரியாத மாணவர். மாணவர் என்ன தப்புச் செய்ய வேண்டும் என்று சார் காதில் சொல்லி அனுப்புவார், ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும். இனியவன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தத்தளித்த தத்தளிப்பில் மேலே நின்றிருந்த வாட்ச்மேன் உதவிக்கு ஆள் கூப்பிட ஓடிவிட்டார். அவன் செய்த தப்பு ஒன்றுவிடாமல் பிடித்தேன். ஆறு வருஷமாக ஆயிரம் பேரின் தப்பைப் பிடித்த கண் இல்லையா? சார் பிஸ்கட்டை மென்றுகொண்டே, ரொம்பப் பிரமாதம், நீ போலீஸ் வேலைக்கு எழுதிப் போடு என்றார். பாராட்டா, நக்கலா? நக்கல்தான்.

பிறகு ஒரு குண்டு போட்டார். அவருடைய சொந்த விதி. ஆளுக்கு இரண்டு பேர், வாழ்க்கையில் மாஸ்க்கே மாட்டாதவர்களைக் கூட்டி வர வேண்டும். அவர்களை அடிவரை இறக்கி, மூச்சுவிட வைத்து, சந்தோஷமாக மேலே கொண்டுவர வேண்டும். இரண்டு பேரும் முடித்தால்தான் பெயர் பரீட்சைக்குப் போகும்.

ஜூலை 3, புதன்

ஆள் சிக்கிவிட்டது. ஒருத்தி நிலா. வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற கான்ட்ராக்ட் பெண், இருபது வயசு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் டிரெயினிங் கொடுத்த பேட்ச்சிலேயே நம்பர் ஒன். நான் பாதி சொல்வதற்குள் ஓகே மேடம் என்றுவிட்டாள். என்ன விஷயம் என்றுகூடக் கேட்கவில்லை. என் தயாரிப்பு அப்படி.

இன்னொருத்தி கேண்டீன் கோவிந்தம்மா. அவள் கேட்ட கேள்விகளுக்கு ஒரு லஞ்ச் பிரேக் போதவில்லை. தண்ணி சில்லுனு இருக்குமா, புடவை கட்டலாமா, அங்கே என்ன சாப்பாடு, செத்துப்போனால் திங்கட்கிழமை சாம்பாரை யார் வைப்பார்கள். இவளை வைத்துக்கொண்டு என்ன பாடுபடப் போகிறேனோ என்று இருக்கிறது. நல்லவேளை, நிலா இருக்கிறாள்.

ஜூலை 7, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

கோவிந்தம்மா இடுப்பளவுத் தண்ணீரிலேயே போராட்டம். மாஸ்க் மூக்கை நசுக்குகிறது, வாயில் கவ்வுகிற ரப்பர் நாறுகிறது, ஆள் மிதக்காமல் இருக்க இடுப்பில் கட்டின ஈயக்கட்டி குத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று சத்தம். நிலாவோ தங்கம். சொன்னதைச் சொன்னபடி செய்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வளையம் காட்டினால் ஓகேவா என்று கேள்வி, பதிலும் அதே வளையம். நான் கேட்டபோதெல்லாம் டக் டக்கென்று வளையம். மூன்றடியில் ஓகே, ஆறடியில் ஓகே, அடியில் ஓகே. இனியவன் கேமராவோடு வந்து என்னைப் படம் பிடித்தான். நான் போஸ்கூடக் கொடுத்தேன்.

சார்தான் பார்த்தார். நிலாவின் மாஸ்க்குக்குள் மூக்கோரம் ரத்தம். தூக்கி மேலே கொண்டுவந்தார். அப்போதும் அவள் விரல் வளையமாகத்தான் இருந்தது.

“வலிச்சுதா?”

“லைட்டா சார்.”

“எப்பருந்து?”

“எறங்கினதுலேர்ந்து. காது, நெத்தி எல்லாம்.”

“பொறவு எதுக்கும்மா ஓகே காட்டினே?”

நிலா என்னைப் பார்த்தாள். “மேடம் கேட்டாங்களே சார்.”

சார் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். “இந்தப் புள்ள எங்க படிச்சா?”

“என்கிட்டதான் சார்.”

ஸ்ரீபெரும்புதூரில் காது மூக்கு டாக்டர், தண்ணீர் அழுத்தத்தால் வந்தது, பயப்பட ஒன்றும் இல்லை, இரண்டு வாரம் தண்ணீர் வேண்டாம் என்றார். பஸ் ஏறும்போது நிலா, ஸாரி மேடம் என்றாள். என்னிடம்! அவள் மூக்கில் ரத்தம் வந்ததற்கு.

ஜூலை 8, திங்கள்

புது பேட்ச். வழக்கம்போல, “ஓகேவா?” என்றேன். கூரை பிளக்க, “ஓகே மேடம்!” என்றார்கள். ஆறு வருஷமாகக் காதுக்கு இனிமையாக இருந்த சத்தம். இன்று குமட்டியது.

சேஃப்டி ஷூ எல்லாருக்கும் சரியா என்றேன். ஓகே மேடம். கழற்றுங்கள் என்றேன். பாதிப் பேருக்கு அளவே பொருந்தவில்லை. ஒருத்தன் விரலை மடக்கி வைத்துக்கொண்டு காலையிலிருந்து நிற்கிறான், நகம் கறுத்துவிட்டது. ஏன்டா சொல்லலை என்று கத்தினேன். அதற்கும், “ஓகே மேடம்.”

இவர்களைச் சொல்லி என்ன பிரயோசனம்? சூப்பர்வைசர் கேட்டால் ஓகே என்று சொல்லணும், முடியாது என்றால் லைன் நிற்கும், லைன் நின்றால் வேலை போகும் — இந்தப் பாட்டைக் கோரஸாகப் பாட வைத்தது எந்த மகராசி?

ஜூலை 28, ஞாயிறு

நிலா மறுபடி வந்தாள். வருவியா என்று கேட்டேன், ஓகே என்றாள், வேறென்ன சொல்வாள். தண்ணீரில் இறக்கவில்லை. கரையில் உட்கார வைத்து அடுத்த சைகையைச் சொல்லிக்கொடுத்தேன். உள்ளங்கையைக் கீழே பார்த்து விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால், சரியில்லை என்று அர்த்தம். அருமையாகக் கற்றுக்கொண்டாள். நான் காட்டு என்று சொன்னால் உடனே காட்டினாள். சொல்லாவிட்டால் காட்டவில்லை. சரியில்லை என்பதையும் ஆர்டர் போட்டால்தான் சொல்லும் பெண்ணை உருவாக்கியிருக்கிறேன். எனக்குச் சிலை வைக்கலாம்.

அடுத்த ஞாயிறுதான் சார் கொடுத்த கடைசி நாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

கோவிந்தம்மா திட்டிக்கொண்டே அடிவரை போய்த் திட்டிக்கொண்டே வந்துவிட்டாள். அடுத்தது நிலா. சிலிண்டர், மாஸ்க் எல்லாம் மாட்டிக் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஓகேவா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். சார் கடிகாரத்தைப் பார்த்தார். இனியவன் இரண்டு தரம் கனைத்தான்.

நிலா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாஸ்க்கை நெற்றிக்குத் தூக்கினாள்.

“எனக்கு இது புடிக்கலக்கா. வலி போயிட்ச்சி, பயமும் இல்ல. புடிக்கல.”

அக்கா. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மேடம் போய் அக்கா.

என்னால் அவளை இறக்கியிருக்க முடியும். அதுதானே என் வேலை? ஒரு தடவைதான்டி, அக்காவுக்காகடி, அஞ்சே நிமிஷம் — இந்த மூன்று வரி போதும், எழுந்து இறங்கியிருப்பாள். வாய்வரைக்கும் வந்தது. நீல் தீவு கண்முன் வந்து நின்றது. அந்த ஜன்னலில்லாத அறையும் வந்தது. பாவி, இதை இன்னும் ஒரு மணி நேரம் கழித்துச் சொல்லக்கூடாதா என்று மனசார நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

பக்கிளைக் கழற்றிச் சிலிண்டரை இறக்கி வைத்தேன். கன்னமெல்லாம் சிரிப்பாகத் துண்டை வாங்கிக்கொண்டு போனாள்.

சார் என்னமோ உருகிப்போய்ப் பாஸ் போடுவார் என்று ஒரு நப்பாசை. அவரா? “நீ செஞ்சது சரிதாம்மா. ஆனா ரெண்டு பேருன்னா ரெண்டு பேருதான். செப்டம்பர்ல உன் பேரு இல்ல, அடுத்தது பிப்ரவரி. பாத்துக்கிடு.” பாக்கெட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டை என்னிடம் நீட்டினார். வாங்கித் தின்றேன், பசி.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பெயர் போகவில்லை என்றதும் அம்மா மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து எனக்குக் கோழிக் குழம்பு வைத்தாள். துக்கம் விசாரிக்கிறாளா, கொண்டாடுகிறாளா?

செப்டம்பர் 15, ஞாயிறு

இனியவன் பாஸ். தான் பாஸான செய்தியைத் தான் கேட்பதைத் தானே வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறான். மனசார வாழ்த்தினேன். பாதி மனசு.

செப்டம்பர் 30, திங்கள்

சீனியர் மேடம் ஆக்கிவிட்டார்கள். புது நாற்காலி. ஜன்னல் இல்லை.

ஜனவரி 8, 2025, புதன்

பிப்ரவரிக்கு மறுபடி இரண்டு பேர் வேண்டும். ஒரு தடவை வந்தவர்களும் வரலாம் என்று சார் விதியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார். கோவிந்தம்மா வருகிறேன் என்றுவிட்டாள், போன தடவை கொடுத்த சாம்பார் சாதத்தில் உப்பில்லை என்று சொல்லவே வருகிறாளாம். வெட்கத்தை விட்டு நிலாவிடமும் கேட்டேன்.

“வரமாட்டேன்க்கா” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். காரணம்கூடச் சொல்லவில்லை. என்ன திமிர்! லஞ்ச் முடியும்வரை எனக்கு எரிச்சல். அப்புறம் ஏனோ ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தேன். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

எங்கேயும் ஆள் கிடைக்காமல் நேற்று ராத்திரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, நான் வரேன் என்றாள். ஜோக் அடிக்காதே என்றேன்.

“நான் வரலன்னா நீ இங்கயே இருப்ப, வந்தா நீ பூடுவ. தெரிஞ்சிதான் வரேன். சாப்புடு.”

சாப்பிட்டேன்.

இன்று அன்னபுஷ்பமும் கோவிந்தம்மாவும் என் பழைய சுடிதாரில் குளத்தில் இறங்கினார்கள். தை மாசத் தண்ணீர், பல் கிட்டியது. நான் ஓகேவா என்று கேட்க வாய்ப்பே இல்லை. இரண்டடி இறங்கினால் ஒரு கை ஆடும். ஏறு, மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திற, மறுபடி இறங்கு. அதற்குள் இன்னொரு கை ஆடும். தண்ணீருக்கடியில் கையாலேயே திட்ட முடியும் என்று இன்றுதான் தெரிந்தது. அடி தொடுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. எனக்கு அவசரமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். அடியில் போய் உட்கார்ந்ததும் அம்மா அமைதியாகிவிட்டாள். தன் மூச்சு குமிழ் குமிழாக மேலே போவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே போகலாம் என்று நான் கட்டைவிரலைத் தூக்கினால் கையை ஆட்டுகிறாள், மாட்டாளாம்.

“நீ அவங்களுக்குப் பாடம் எடுத்தியா, அவங்க உனக்கு எடுத்தாங்களா, ஒண்ணும் வெளங்கல” என்றார் சார். பெயரை அனுப்பிவிட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பாண்டிச்சேரி. பாஸ்.

ஏப்ரல் 15, 2025, செவ்வாய், நீல் தீவு

காலையில் நாலு பேரை இறக்கினேன். ஐந்தாவது ஒரு புதுப் பெண்டாட்டி. புருஷனுக்காக வந்தவள் என்று முகத்திலேயே தெரிந்தது. படகிலேயே உட்கார வைத்தேன். புருஷனுக்குக் கோபம், எங்கள் மேனேஜருக்கு அதைவிட. மேனேஜர் இல்லாத தீவு எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள்.

மத்தியானம் நிலா போன் பண்ணினாள். சித்திரை ஒன்றாம் தேதி டபுள் ஷிஃப்ட் பார்க்கச் சொன்னாராம் சூப்பர்வைசர். முடியாது என்றாளாம். லைன் நின்றதா, கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டாரா, வேலை இருக்கிறதா இல்லையா என்று விடாமல் கேட்டேன்.

“நேத்து வரிக்கும் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருந்தாரு. வேற ஆளப் போட்டுக்கினாரு. அவ்ளோதான்க்கா.”

அவ்வளவுதானாம். ஆறு வருஷம், பேட்ச் பேட்சாக, ப்ரொஜெக்டர் போட்டுப் பயம் காட்டினேனே. அந்த ஆளோ இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

போனை வைத்துவிட்டு அழுதேன். முடியாது என்றால் வேலை போகும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்? ஒருத்தர் பெயராவது ஞாபகம் வருகிறதா என்று யோசித்துப் பார்த்தேன். நிலாவைத் தவிர யாரும் வரவில்லை.