பாதியில் விட்ட படிப்பும் நீங்கள் சொன்ன காரணமும்

அப்பா,

போலீஸ் ஸ்டேஷன் படியில் கால் வைத்ததுமே பினாயில் வாசம் முகத்தில் அடித்தது. அன்று நீங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது உங்கள் சட்டையில் இருந்த வாசம். குற்றவியல் மாணவி என்ற அடையாள அட்டையோடு களப்பயிற்சிக்கு வந்த நான் சற்று நேரம் வாசலிலேயே நின்றுவிட்டேன். இந்தத் தெரு வேண்டாமென்று நீங்கள் கடைசிவரை மார்க்கெட்டைச் சுற்றித்தான் போனீர்கள்.

எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைத்தூள் மூட்டைகள் காணாமல் போனபோது, இலை உலர்த்தும் டிரையரில் வேலை பார்த்த உங்களைத்தான் முதலில் கூட்டிப்போனார்கள். ஜீப், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடுவிலேயே வந்து நின்றது. மறுநாள் இருட்டியபின் விட்டுவிட்டார்கள். வழக்கு ஏதும் இல்லை. மூட்டைகள் வேறெங்கோ அகப்பட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். உங்களிடம் வந்து யாரும் சொல்லவில்லை.

“கூட்டிட்டுப் போறப்ப லைனே நின்னு பார்த்துச்சு, கண்ணு. உட்டப்ப ஒருத்தரும் பார்க்கல” என்று ஒரே ஒருமுறை சொன்னீர்கள்.

நான் அப்போது ஊட்டியில் பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாய். அந்த வாரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அவள் எப்போதுமே அப்படி உட்காருகிறவளாகவும் இருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதன்பிறகு நான் கல்லூரிக்குப் போகவில்லை.

குன்னூரில் சாக்லேட் கடை வேலையிலேயே வருடங்கள் போயின. படித்த பாடங்களின் கிரெடிட்டுகளை வேறு படிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தெரியவந்தபோது, கோவையில் குற்றவியல் படிக்கப்போவதாக உங்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“அதப் படிச்சா ஸ்டேஷனுக்குள்ள போவோணுமா?”

“போகணும்ப்பா.”

“கோயமுத்தூருக்கு நானும் கூட வர்றேன்” என்றீர்கள்.

கோவை வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை நீங்கள். உள்ளே சட்டைக் காலர் கிழிந்திருந்தது. துறைத்தலைவரின் அறையில் வேறு பெற்றோர்களும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். துறைத்தலைவர் அம்மா என் மதிப்பெண் பட்டியல்களைப் புரட்டிவிட்டு, “மார்க் நல்லாத்தானே இருக்கு. நடுவுல ஏன் நிறுத்துனீங்க?” என்று கேட்டார்.

“உடம்பு சரியில்லைங்க மேடம்.”

“மெடிக்கல் சர்ட்டிபிகேட் வெச்சிருக்கீங்களா?”

நீங்கள் எழுந்து நின்றீர்கள். “புள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. திருட்டுன்னு சொல்லி என்னைப் போலீஸ் கூட்டிட்டுப் போச்சுங்க. அதுல இருந்து காலேஜுக்குப் போவமாட்டேன்னுட்டா.”

பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். எனக்குக் காதுவரை எரிந்தது. தரையைப் பார்த்தபடி நின்றேன்.

“கேஸ் போட்டாங்களா?”

“இல்லீங்க. மறுநா உட்டுட்டாங்க.”

“நீங்க உக்காருங்க ஐயா” என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, வரலாற்றுத் தாள்களில் பெரும்பாலானவை சேராது, தமிழும் ஆங்கிலமும் துணைப்பாடங்களும் சேரும், இரண்டாம் ஆண்டில் உட்காரலாம், விடுபட்ட முதலாண்டுத் தாள்களைக் கூடவே எழுத வேண்டும் என்று விளக்கினார். அவர் குரலில் இரக்கமும் இல்லை, ஏளனமும் இல்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலையேறும்வரை நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள்தான் பேசினீர்கள். “உன்ற படிப்பு போனது என்னாலதான்னு நெனச்சுட்டே இருந்தேன், சாமி. பாதியாச்சும் திரும்பி வந்துருச்சில்ல.”

மீதிப் பாதியை நான் படித்து முடிப்பதைப் பார்க்க நீங்கள் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

போன வாரம் ஸ்டேஷனில் ஒருவரை விசாரித்துவிட்டு, “நீ போலாம்” என்றார்கள். ஒரு கடையில் மூட்டை தூக்குகிறவர். அவர் எழுந்தார், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. “ஏனுங்க, கடைவீதி வரைக்கும் யாராச்சும் கூட வருவீங்களா? நான் ஓடி வந்துட்டேன்னு நெனப்பாங்க” என்றார். எல்லாருக்கும் வேலை இருந்தது. நான் கூடப் போய்வரட்டுமா என்று எஸ்.ஐ. அம்மாவிடம் கேட்டேன். “சீக்கிரம் வந்துரு” என்றார்.

பட்டப்பகலில் கடைவீதி முழுக்க அவரோடு நடந்தேன், அப்பா. அவர் வேலை பார்க்கும் கடை முதலாளியிடம், “இவர் மேல ஒண்ணுமில்லைங்க, விசாரிச்சு அனுப்பிட்டாங்க” என்று நாலு பேர் காதில் விழச் சொன்னேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். என்னை அவருடைய மகள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாதே என்று, நடக்கும்போது இரண்டு தடவை அடையாள அட்டையைத் துப்பட்டாவுக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டேன். அந்தக் கூச்சம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதைச் சுமந்துகொண்டுதான் நடக்கிறேன்.