கேக் பெட்டியில் இருந்த எழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். சிதம்பரத்தில் மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. எழுத்துக் கூட்டி நீயே படி.

அன்று அப்பா குடிக்கவில்லை. என்னோடு வேலை செய்யும் வினோதினி புதுச்சேரியிலிருந்து பாகில் ஊறிய கேக் வாங்கி வந்திருந்தாள். அப்பா முகர்ந்து பார்த்தார்.

"ஒரு மாதிரி வாசன வருதே. குடிய நிறுத்துற மாத்திர போடுறேன், ஒரு சொட்டு பட்டாலும் ஆவாது. படிச்ச புள்ள, பாத்து சொல்லு பாப்பா."

பெட்டியில் ஆர், எச், யூ, எம் என்றிருந்தது. ரம்முக்கு நடுவில் எச் கிடையாதே என்று நினைத்து, "எசென்ஸ்தாம்ப்பா, சாப்பிடு" என்றேன். பிரெஞ்சில் ரம்மை அப்படித்தான் எழுதுவார்களாம், பிறகுதான் தெரிந்தது.

முகம் சிவந்து அவர் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தபோது நீ உள்ளே வந்தாய். "திரும்ப ஆரம்பிச்சிட்டியாய்யா?" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா, குடிச்சிட்டேன்" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. நீ பையை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய்விட்டாய்.

மாத்திரை அட்டை சாமி படத்துக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. அப்பா சிப்காட் வேலைக்குப் போவதில்லை. இப்போது நிஜமாகவே குடிக்கிறார்.

நீ ஒருமுறை வா அம்மா. வந்து, அவர் முன்னால் என்னைத் திட்டு.

இப்படிக்கு,
உன் மகள்